மானிட்டரில் படம் வரவில்லையா? செட்டிநாட்டு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

“அண்ணே, மானிட்டர் போயிருச்சு. புதுசு என்ன விலை வரும்?” காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கு வரும் போனில் அதிகம் இந்த ரகம்தான். போய்ப் பார்த்தால் மானிட்டர் நன்றாகவே இருக்கும். கேபிள் தளர்ந்திருக்கும், ராமில் (உள்ளே செருகும் நினைவகப் பட்டை) தூசி அடைந்திருக்கும், இல்லையென்றால் விண்டோஸ் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுக்கொண்ட டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஒத்துவந்திருக்காது. கோளாறு எங்கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது கறுப்புத் திரை மட்டும் என்பதால் பழி மானிட்டர் மேல் விழுகிறது.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால், படம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் விண்டோஸை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை. போட்டோக்களும் கணக்கு வழக்கும் போனதுதான் மிச்சமாகும்.

படி 1: சும்மா உட்கார்ந்து பாருங்கள்

கம்ப்யூட்டரை முழுசாக அணைத்து, மறுபடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையை மட்டும் கவனியுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

மானிட்டரின் சின்ன விளக்கே எரியவில்லை என்றால் அது கரண்ட் பிரச்சினை. விளக்கு எரிந்து ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது; கேபிளையோ கம்ப்யூட்டரையோ பார்க்க வேண்டும். கம்பெனி லோகோ வந்து, புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, அதற்கப்புறம் கறுத்தால் கேபிளும் திரையும் பெரும்பாலும் சரி. குற்றவாளி டிரைவர் அல்லது செட்டிங். படம் வருகிறது, ஆனால் கோடு, நிறமாற்றம், துடிப்பு என்றால் நேராகப் படி 7-க்குப் போகலாம்.

கூடவே இரண்டு சோதனை. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை. இரண்டாவது, மானிட்டரிலேயே இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனு, கம்ப்யூட்டர் அனுப்புவது இல்லை. மானிட்டர் தானே வரைவது. மெனு பளிச்சென்று தெரிந்தால் திரையும் அதன் பின்விளக்கும் நன்றாக இருக்கின்றன. மெனுவின் மேலேயும் கோடு ஓடினால் கோளாறு மானிட்டரில்தான். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பயனில்லை.

படி 2: கரண்ட். நம் வீடுகளில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பலவற்றில் வயரிங் பழசு. கட்டைமேல் ஓடும் ஒயர், இரண்டு ஓட்டை பிளக், எர்த் என்பதே இல்லாத சுவிட்ச் போர்டு. முகப்பில் ஒரு பக்கம், இரண்டாம் கட்டில் ஒரு பக்கம் என்று வெவ்வேறு காலத்தில் இழுத்த லைன்கள் வேறு. ஒரு டியூப்லைட்டுக்கு இது போதும். கம்ப்யூட்டருக்குப் போதாது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? டெஸ்டரை வைத்தால் மினுக்குகிறதா? எர்த் வரவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடும் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவை நம் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியைக் கேபினெட் உடம்பிலேயே நிற்க வைத்துவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே நிலையில் படத்தைக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ கேபிளை டி.வி.யில் செருகினால், டி.வி.யோ டிஷ் ஒயர் வழியாக எங்கோ எர்த் ஆகியிருக்க, அந்த வித்தியாசம் முழுவதும் அந்தக் குட்டிப் போர்ட் வழியாகப் பாயும். ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான், போர்ட் போய்விடும். “நேத்து வரைக்கும் ஓடுச்சு, டி.வி.யில மாட்டினதுல இருந்து வரலை” என்ற கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது: கம்ப்யூட்டர், மானிட்டர் அல்லது டி.வி. இரண்டையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். இரண்டையும் அணைத்த பிறகு கேபிளைச் செருகி, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு மாட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டுக்காவது எர்த் போடச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த மானிட்டர் என்றால் அதன் பிளக் தட்டையான மூன்று பின் கொண்டது. இங்கே கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டுகிறார்கள். மலிவான கன்வெர்ட்டர்களில் எர்த் தொடர்பே இருப்பதில்லை, பிடிப்பும் தளர்வு, லேசாக ஆடினால் திரை அணைந்து எரியும். அங்கேயும் 230–240 வோல்ட்தான், ஆகவே மின் அழுத்தத்தில் சிக்கல் இல்லை. மானிட்டரின் பின்னால் கழற்றக்கூடிய பவர் கார்டு இருந்தால் நம் ஊர் பிளக் உள்ள கார்டை வாங்கி மாட்டிவிடுங்கள், கன்வெர்ட்டரே தேவைப்படாது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது மட்டும் திரை அணைகிறதா? வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். இடி மழை நாளில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் ஒயர், இன்டர்நெட் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கடைசியாக ஒரு சின்ன வைத்தியம், சில சமயம் ஆச்சரியமாக வேலை செய்யும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய கரண்ட் வடிந்துவிடும். பிறகு மாட்டிப் போடுங்கள். லேப்டாப்பிலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம்.

படி 3: கேபிளும் போர்ட்டும்

முதலில், கேபிள் சரியான ஓட்டையில்தான் இருக்கிறதா? கேபினெட் பின்னால் இரண்டு இடத்தில் எச்.டி.எம்.ஐ போர்ட் இருக்கலாம். மேலே யு.எஸ்.பி. போர்ட்டுகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் தனியாக இருப்பது, படம் உண்டாக்கத் தனியாகப் போடும் கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் அதில்தான் செருக வேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தாலும், ரைசன் 5000 வரிசையில் ‘ஜி’ இல்லாவிட்டாலும், பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் எத்தனை வருஷம் செருகி வைத்தாலும் படம் வராது. வீடு பெயிண்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டும் இடங்களில் இந்தத் தவறு சகஜம்.

அடுத்தது மானிட்டரின் மெனுவில் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’. கேபிள் எச்.டி.எம்.ஐ 1-ல் இருக்க, மானிட்டர் பழைய ரகமான வி.ஜி.ஏ. போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘நோ சிக்னல்’தான்.

பிறகு கேபிளையே மாற்றிப் பாருங்கள். டி.வி.யில் செட்டாப் பாக்ஸுக்குப் போயிருக்கும் கேபிளைப் பத்து நிமிடம் கடன் வாங்கினால் போதும். மேசைக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், எலி கடித்த இடம் கையில் தட்டும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் பலவற்றில் கொக்கி உண்டு, அமுக்காமல் இழுத்தால் போர்ட்டே பெயர்ந்து வரும்.

பழைய வி.ஜி.ஏ. கேபிளில் மொத்தம் 15 பின்னுக்கு இடம் உண்டு. ஒன்பதாவது இடம் காலியாக இருந்தால் பயப்படாதீர்கள், பல கேபிள்கள் அப்படியே வருகின்றன. ஆனால் முதல் மூன்று பின்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்று. அதில் ஒன்று வளைந்தாலோ உடைந்தாலோ திரையே சொல்லிவிடும்: சிவப்பு போனால் எல்லாம் பச்சை நீலமாக இருக்கும், பச்சை போனால் கத்தரிப்பூ நிறம், நீலம் போனால் மஞ்சள். கல்யாண ஆல்பத்தைத் திறந்ததும் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை மாதிரி தெரிந்தால் முதலில் இந்தப் பின்னைப் பாருங்கள்.

வி.ஜி.ஏ.வை எச்.டி.எம்.ஐ ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குபவர்கள் திசையைக் கேட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ., மானிட்டரில் எச்.டி.எம்.ஐ என்பதற்கு ஒரு பொருள். நேர்மாறுக்கு வேறு பொருள். பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

படி 4: முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை

இந்த வீடுகள் தெருவுக்குத் தெரு நீளமானவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அறுபதாம் கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் சூட்டு என்று வளவில் (வீட்டு நடுவே திறந்த முற்றத்தில்) புரொஜெக்டர் வைத்து, லேப்டாப்பை முகப்பில் வைத்து, நடுவில் நீளமான எச்.டி.எம்.ஐ ஒயர் இழுக்கும்போது படம் விட்டுவிட்டு வரும், பொரி பொரியாகத் தெரியும், அல்லது வரவே வராது.

சாதாரண எச்.டி.எம்.ஐ கேபிள் 5 மீட்டர் வரை நம்பிக்கையாக ஓடும். 10 மீட்டரில் கேபிளின் தரத்தைப் பொறுத்தது. அதற்கு மேல் போனால், அதிலும் 4கே என்றால், எதிர்பார்க்க முடியாது. இரண்டு கேபிளை ஜாயின்ட் போட்டு நீட்டுவது இன்னும் மோசம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: லேப்டாப்பில் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்க அளவு) 1080-க்கு இறக்குங்கள், அதுவும் போதாவிட்டால் 720-க்கு. படம் விட்டுப்போகாமல் வந்தால் கேபிள் நீளம்தான் காரணம். மொய் எழுதும் நேரத்தில் இது போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ கேபிள் அல்லது லேன் ஒயர் வழியாக அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்க வேண்டும். ஆப்டிகல் கேபிளில் கம்ப்யூட்டர் முனை, திரை முனை என்று இரண்டிலும் எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. சுவர் ஓரமாக முழுசும் இழுத்து ஆணி அடித்த பிறகு இது தெரியவந்தால் வேதனைதான், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வயர்லெஸ்ஸில் அனுப்பலாமே என்று கேட்பார்கள். நம் வீட்டுச் சுவர் கனத்தில் அது ஒரு அறைக்குள் மட்டும் சரி.

கேபிள் சரியாக இருந்தும் லேப்டாப்பில் தெரிவது புரொஜெக்டரில் தெரியவில்லையா? விண்டோஸ் கீயோடு, புரொஜெக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்தான பி-யை அழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டி.வி.யில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்; டி.வி.யின் பிக்சர் சைஸை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ ஆக்குங்கள். அப்புறம், பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்த வளவில் புரொஜெக்டர் மங்கலாகத் தெரிவது கோளாறு இல்லை. வெயிலோடு அது போட்டி போட முடியாது.

படி 5: கேபினெட்டைத் திறப்பது

லோகோவே வரவில்லை, கேபிளும் மாற்றியாயிற்று என்றால் மட்டும் இந்தப் படி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். செம்மண் பூமி, ஜன்னல் திறந்த வீடு. உள்ளே சிவப்பாக ஒரு படலம் இருக்கும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்கு அருகில் என்றால் அதோடு உமித் தூசியும். வெளியே தூக்கிக்கொண்டு போய் பெயிண்ட் பிரஷ்ஷாலும் ஊதும் பம்பாலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடாது.

அடுத்து ராம். இரண்டு பக்கக் கொக்கியையும் நீக்கி எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. கறுப்புத் திரைக்கு எங்கள் பக்கத்தில் இதுதான் முதல் மருந்து, கேட்பதும் அதிகம்.

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் எடுத்து மறுபடி உட்கார வையுங்கள். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டுகளுக்குத் தனியாக 6 பின் அல்லது 8 பின் பவர் ஒயர் வேண்டும். அது தளர்ந்தாலும் படம் இல்லை. பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டை முழுசாக எடுத்துவிட்டு மதர்போர்டு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் குற்றவாளி கார்டு.

பீப் சத்தத்தையும் கேளுங்கள். பழைய அவார்ட் கம்பெனி பயாஸில் (கம்ப்யூட்டர் போட்டதும் முதலில் ஓடும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் வீடியோ கோளாறு. மற்றக் கம்பெனிகளுக்குக் கணக்கு வேறு. மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும். எதுவும் ஒத்துவராவிட்டால் நாணயம் போன்ற சி.ஆர். 2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். புதிதாக டி.டி.ஆர். 5 ராம் போட்டிருக்கிறீர்களா? முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பொறுமையில்லாமல் அணைத்துவிடாதீர்கள்.

மானிட்டரையும் பவர் சப்ளை பெட்டியையும் மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான கரண்ட் தங்கியிருக்கும். பழைய குண்டு மானிட்டர் இன்னும் மோசம்.

படி 6: லோகோ வந்து, அப்புறம் கறுத்தால்

முதலில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஆங்கில வரிசையில் இரண்டாவதாக வரும் பி-யைத் தட்டுங்கள். ஒரு பீப் சத்தத்தோடு டிஸ்ப்ளே டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்த வேலை எதுவும் போகாது.

மவுஸ் அம்பு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் கறுப்பா? கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க்கில் எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி ஓட விடுங்கள். டெஸ்க்டாப் திரும்பிவிடும்.

இரண்டுமே பலிக்கவில்லை என்றால் சேஃப் மோடு. விண்டோஸ் வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்துங்கள். சில லேப்டாப்களில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) சாவி எண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சேஃப் மோடில் கம்பெனி டிரைவரை ஒதுக்கிவிட்டு விண்டோஸின் அடிப்படை டிரைவர் மட்டும் ஓடும். இங்கே படம் தெளிவாக வந்தால் கம்பெனி டிரைவர்தான் கோளாறு என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து, கார்டின் பெயரை இரண்டு முறை தட்டி, பிழை எண்ணைப் பாருங்கள். 22 என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் கார்டு தனக்குக் கோளாறு என்று சொல்லி விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. டிரைவர் மாற்றியும் அதே எண் வந்தால் கார்டு பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தாலும் டிரைவர் இல்லை என்றே பொருள். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

சமீபத்தில் அப்டேட் ஆனதா? ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டனை அழுத்துங்கள். அது மங்கலாக இருந்தால் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. அல்லது லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்’ என்று வரும் மென்பொருட்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. டிரைவரோடு வேண்டாத நான்கு சாமான்களையும் அவை உள்ளே விட்டுவிடும்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் மானிட்டர் தாங்காத ரெசல்யூஷனையோ ரிஃப்ரெஷ் ரேட்டையோ (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) கம்ப்யூட்டர் அனுப்புகிறது. அதே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 3-ஐ அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷனில் திறக்கும். உள்ளே போய் 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள்.

படி 7: படம் வருகிறது, ஆனால் சரியில்லை

கோடோ, புள்ளியோ தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். செல்போனிலும் கோடு இருந்தால் கோளாறு கிராபிக்ஸிலோ டிரைவரிலோ. செல்போனில் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது திரை. பைசா செலவில்லாத சோதனை.

சித்திரை வெயிலில் மட்டும், அதுவும் கேம் ஆடும்போது கட்டம் கட்டமாக நிறம் சிதறினால் கார்டு சூடேறுகிறது. ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சாயங்காலமானால் திரை மஞ்சளாவது ‘நைட் லைட்’ செட்டிங், நோய் இல்லை. லேப்டாப் மூடியை ஆட்டும்போது படம் போய்ப் போய் வந்தால் கீலுக்குள் ஓடும் ஒயர் நைந்திருக்கிறது. லேப்டாப் திரை முழுக் கறுப்பா? இருட்டு அறையில் திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஐகான்கள் நிழல் போலத் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது.

படி 8: வீடியோ காலில் ஆச்சி முகம் தெரியவில்லை என்றால்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இங்கே என்பதால் இந்த ஊரில் கேமரா கோளாறும் டிஸ்ப்ளே கோளாறு அளவுக்கு முக்கியம். முதலில் லென்ஸ் மேல் தள்ளும் மூடி மூடியிருக்கிறதா, கீபோர்டில் கேமரா படம் போட்ட பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸ், பிரைவசி, கேமரா என்று போய் அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஒரு ஆப் கேமராவைப் பிடித்திருந்தால் இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போகலாம். ஸூம் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, வாட்ஸ்அப்பில் கறுப்பாகத் தெரிவது இப்படித்தான். யு.எஸ்.பி. கேமராவை ஹப்பில் செருகாமல் கேபினெட்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முகம் மட்டும் கரிக்கட்டையாகத் தெரிந்தால் நாற்காலியைத் திருப்புங்கள். வளவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைக் குறைத்துக்கொள்ளும். வளவைப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

மானிட்டர் மெனுவிலேயே கோடு, டிரைவர் மாற்றியும் போகாத பிழை எண் 43, மின்னலுக்குப் பிறகு செத்த போர்ட் இவை வீட்டில் முடியாதவை. அடாப்டர், பின்விளக்கு, உள் போர்டு மாற்றுவது கட்டுப்படியாகும். கண்ணாடிப் பேனலே உடைந்திருந்தால் புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், பழுது பார்க்கச் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில் கறுக்கிறது என்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போட்டால் அடம் பிடிக்காமல் ஓடும் கம்ப்யூட்டர்கள் நிறைய. கேபிளையும் அடாப்டரையும் மறக்காமல் கூடவே எடுத்துப் போங்கள், சிக்கல் பல நேரம் அதில்தான் இருக்கும்.